பரிசலுக்குத் தார்... படகுக்கு விஷம்!

காவிரிப் பாலத்தில் சாயங்காலம் காத்து வாங்க நிற்காத திருச்சி காலேஜ் ஸ்டூடன்ட் யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க. உங்களுக்கெல்லாம் அடுத்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் குறையக் கடவது!

போன வருஷம் அப்படி ஒரு சாயங்காலம். மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், ஜுவாலஜி பொண்ணு ஒருத்தி, எதைப் பார்த்தாலும் 'என்ன ரேட்?' என்று கேட்கிற பி.காம். ஆசாமி ஒருத்தன்... மூணு பேரோடும் முக்கொம்பு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தோம். கரையில் பரிசல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது, பெரிய கறுப்பு இட்லி மாதிரி. அதன் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அடியில கறுப்பா என்னங்கய்யா?"

"தாருதான் தம்பி. ரோட்டுக்கு ஊத்தறாங்கள்ல, அதே தாரு."

மூங்கிலைப் பிளந்து, கூடை முடைகிற மாதிரி முடைந்து, வெளியே ஒரு உறை போர்த்தி, அதன் மேல் தாரைக் காய்ச்சித் தடவினால் பரிசல் ரெடி. ஒரு காலத்தில் உறை என்றால் மாட்டுத்தோல். பிறகு கோணி, பிளாஸ்டிக் ஷீட் என்று மாறிவிட்டது. இப்போது பல இடங்களில் ஃபைபர் பரிசலே வந்துவிட்டது. அதற்குத் தாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"தண்ணி உள்ளே வராம இருக்கத்தானே தார்? பாசி கீசி பிடிக்காதா?" இது ஜுவாலஜி.

"பிடிக்கும். வேலை முடிஞ்சா தூக்கிட்டு வந்து இப்படிக் கவுத்துப் போட்டுடறோம்ல? ரெண்டு வெயில் பட்டா காஞ்சு பொரிஞ்சு உதிர்ந்துடும். கடல்லதான் பாடு. எங்க மச்சான் பழையாத்துல போட்டுல இருக்கான். வருஷத்துக்கு ஒருதரம் அடியைச் சுரண்டியே முதுகு போச்சுங்கறான்."

பழையாறு எங்கே இருக்கு என்று கேட்காதீங்க. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம் ஸ்ரீரங்கத்தை வடக்குப் பக்கமா சுத்திக்கிட்டு, கல்லணையைத் தாண்டி, கிழக்கே ஓடி ஓடிக் கடைசியில் கடலில் விழுகிற இடம்தான் அது. மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி பக்கம். ஒரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நம்ம ஊர் ஆறுதான். ஆனால் நாம் யாரும் அதன் மறுமுனையைப் பார்த்ததில்லை!

மே மாசம், நாலு பேரும் ரயில் ஏறினோம்.

சுரண்டு... சுரண்டு... சுரண்டு!

ஏன் மே? கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனுக்கு ஹனிமூன், படகுக்கு ஆஸ்பத்திரி! வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கிற படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இன்ஜின் பிரித்து, பெயின்ட் அடிக்கிற சீசன் இதுதான்.

கரையேறிய படகை முதல் முறை அடியிலிருந்து பார்த்தபோது மூணு பேருக்கும் பேச்சே வரவில்லை. மேலே நீலமும் மஞ்சளுமா சினிமா போஸ்டர் மாதிரி ஜொலிக்கிற படகு, தண்ணிக்கோட்டுக்குக் கீழே பார்த்தால் சொறி பிடித்த யானை! பச்சையாய் வழுக்கும் பாசி. அதற்கு நடுவே குட்டிக்குட்டி எரிமலைகள் மாதிரி வெள்ளை வெள்ளையாய் ஓடுகள். சுக்கானின் இடுக்கில் கொத்துக் கொத்தாய்ச் சிப்பி.

"இது பார்னக்கிள்!" என்று குதித்தாள் ஜுவாலஜி.

"அது என்னமோ... நாங்க கொட்டலசும்போம்" என்றார் படகுக்கார அண்ணன். கையில் ஒரு இரும்புத் தகடு. அதை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். ஓடு போனது. ஆனால் வட்டமாய் அதன் அடித்தட்டு மட்டும் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. "பார்த்தீங்களா? உசுரு போனாலும் பிடியை விடாது."

மெக்கானிக்கல் ஒரு தகடு வாங்கி பத்து நிமிஷம் சுரண்டிப் பார்த்தான். ஒரு சதுர அடி கூட முடியவில்லை. உள்ளங்கையில் கொப்புளம். கண்ணெல்லாம் சிவப்புத் தூள். அது போன வருஷம் அடித்த பெயின்ட்டின் தூள். அந்தத் தூளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஞாபகம் வெச்சுக்குங்க.

சுரண்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட வேண்டும். அடுத்து ஓடாவி வருவார். படகு கட்டுகிற தச்சருக்கு அந்தப் பக்கம் அப்படித்தான் பேர். மரப்படகு என்றால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் அடித்து இறுக்குவார். இதற்குக் 'கலப்பத்து' என்று பேர். போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். பரிசலின் தார் செய்கிற வேலையை இங்கே கலப்பத்து செய்கிறது. மேலே பட்டி, அதற்கு மேலே பிரைமர். கடைசியாகத்தான் நம்ம ஹீரோ... இல்லை, வில்லனா? அதைக் கடைசியில் முடிவு பண்ணலாம்.

அது ஒரு டின். பார்க்கச் சாதாரண பெயின்ட் டின் மாதிரிதான் இருந்தது. பி.காம். அலட்சியமா ஒரு கையால் தூக்கப் போனான், தோள் இறங்கிவிட்டது. உள்ளே இருப்பது பாதிக்குப் பாதி செம்பு ஆக்சைடு பொடி. அதனால்தான் அந்தச் செங்கல் நிறம், அந்த எடை. கலக்காமல் விட்டால் பொடியெல்லாம் அடியில் போய்க் களியாக உட்கார்ந்துவிடும். அப்படியே மேலாப்பில் மொண்டு அடித்தால் கலர் மட்டும்தான் மிஞ்சும், மருந்து டின்னிலேயே தங்கிவிடும். அதனால் ஒரு ஆள் அரைமணி நேரமாய்க் கட்டையால் கிண்டிக்கொண்டே இருந்தார், கல்யாண வீட்டில் அல்வா கிண்டுகிற மாதிரி.

வெயில் ஏறுமுன் ஒரு கோட். சாயங்காலம் ஒரு கோட். தண்ணிக்கோடு, முன்முனை, சுக்கான் இங்கெல்லாம் கூடுதலாய் இன்னொரு கோட். அலை வந்து அறைகிற இடம், பெயின்ட் சீக்கிரம் தேயும். கோடு பிசகாமல் இருக்க நூல் பிடித்து சாக்பீஸால் வரைந்திருந்தார்கள். இன்ஜினியரிங் டிராயிங்கில் நம்ம பசங்க போடுகிற கோட்டை விட நேர்!

திடீரென்று அண்ணன் ஒரு சத்தம் போட்டார். "டேய்... அந்தக் கட்டி மேல அடிச்சுடாதடா!"

புரொப்பல்லர் பக்கத்தில் சின்னதாய் ஒரு சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டி. உப்புத் தண்ணீரில் இரும்பும் வெண்கலமும் சேர்ந்தால் பாட்டரி மாதிரி வேலை செய்து ஒன்றை ஒன்று தின்னும். அந்தக் கட்டி தன்னைத் தின்னக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். அதன் மேல் பெயின்ட் அடித்தால், தியாகம் பண்ண வந்தவரை ரூமில் பூட்டி வைத்த கதைதான்.

தலைகீழா நின்னு காலால சாப்பிடற ஆள்!

இந்தக் கொட்டலசு சாதாரண ஆள் இல்லை, பாஸ். ஓடு இருப்பதால் சிப்பி ஜாதி என்று நினைத்தால் தப்பு. இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. குஞ்சாக இருக்கும்போது கடலில் நீந்தித் திரியும். ஒரு பருவத்தில் சாப்பாட்டையே விட்டுவிட்டு இடம் தேடக் கிளம்பும். உணர்கொம்பால் பலகையைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கும், ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு தேடுகிற பேச்சிலர் மாதிரி. பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்து, பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஆயுசுக்கும் நகராது. சுற்றிலும் சுண்ணாம்புக் கோட்டை கட்டி, மேலே ஒரு கதவு வைத்து, அதன் வழியாகக் காலை நீட்டித் தண்ணீரில் வருவதைத் துழாவிச் சாப்பிடும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் இதையே கட்டிக்கொண்டு அழுதார்! வேறு வீட்டுக்கு விளையாடப் போன அவருடைய பிள்ளை, 'இந்த வீட்டு அப்பா எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. எல்லா அப்பாவுக்கும் அதுதான் வேலை என்று நினைத்துவிட்டது குழந்தை.

கொட்டலசுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் வந்து துண்டு போட்டுவிடும். படகு தண்ணீரில் இறங்கிய சில மணி நேரத்தில் பாக்டீரியா. சில நாளில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள். இரண்டும் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம். அந்தப் படலம்தான் பின்னால் வருகிறவர்களுக்கு விரித்த பாய்.

'கொஞ்சம் வழவழப்புதானே' என்று விடமுடியாது. அரை மில்லிமீட்டர் கனத்தில், அடிப்பாகத்தில் பாதியை மூடினாலே போதும், ஒரு கப்பலின் புகை 20 சதவீதத்துக்கு மேல் கூடலாம் என்கிறது சர்வதேசக் கடல்சார் அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை. புகை கூடுகிறது என்றால் எரிபொருள் கூடுகிறது. பி.காம். உடனே செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தான். அண்ணன் சிரித்தார். "கணக்கெல்லாம் வேணாம் தம்பி. அதே தூரம், அதே வேகம், டீசல் மட்டும் கூட ஊத்தணும். அந்த மிச்சம்தான் எங்க கூலி, எங்க பிள்ளைங்க ஃபீஸ்."

அப்படியானால் நம்ம தாத்தா காலத்துக் கட்டுமரத்துக்கு யார் விஷம் அடித்தார்கள்? யாருமே இல்லை! மீன் பிடித்து வந்ததும் கட்டை கட்டையாய் அவிழ்த்து மணலில் காயப்போட்டார்கள். முக்கொம்புப் பரிசல்காரர் சொன்ன அதே டெக்னிக். மாசி மாதம் ஸ்ரீரங்கம் மேலவாசல் தெப்பக்குளத்தில் மிதக்கிற தெப்பத்துக்கும் இதே கதைதான். திருவிழா முடிந்தால் குளத்தில் அதற்கு வேலை இல்லை. இன்ஜின் வந்து, படகு பெரிசாகி, தினமும் கரைக்குத் தூக்க முடியாமல் துறைமுகத்திலேயே கட்டிப்போட ஆரம்பித்த பிறகுதான் இந்தச் செங்கல் நிற டின் அத்தியாவசியமானது.

செம்பு கரையணும்... கரைஞ்சாத்தான்!

செம்பு எப்படி வேலை செய்கிறது? ஒரு பழைய கதையைக் கேட்டால் சட்டென்று புரியும்.

மரக்கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை, கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது. 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலில் முழு டிரையல். மரத்தைத் துளைக்கிற புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. ஆனால் தகடு மெல்ல மெல்ல அரித்துப்போய்க்கொண்டே இருந்தது. கஜானா கதறியது. வேதியியல் மேதை ஹம்ஃப்ரி டேவியைக் கூப்பிட்டார்கள். 1824-ல் அவர் செம்போடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளை இணைத்தார், நம்ம அண்ணன் படகில் பார்த்த அதே டெக்னிக். செம்பு அரிப்பது நின்றது. ஆஹா, வெற்றி! அந்தக் கப்பல்கள் கடலுக்குப் போய்த் திரும்பின. பார்த்தால் அடி முழுக்கப் பாசியும் கொட்டலசும்!

ஏன்? செம்பு கரைந்து தண்ணீரில் கலந்ததால்தான் அதுவரை எதுவும் ஒட்டவில்லை. கரைவதை நிறுத்தியதும் அது வெறும் தகடு. விஞ்ஞானம் பாஸ், கப்பல் ஃபெயில். எனக்குத் தெரிந்து கெமிஸ்ட்ரி புத்தகத்தில் இதைவிடச் சுவாரஸ்யமான தோல்வி கிடையாது. 'கதோடிக் புரொடெக்ஷன்' என்று மொட்டையாகப் பத்து மார்க்குக்குப் படிக்கும்போது இதை ஏன் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்களோ!

இன்றைய பெயின்ட்டும் அதேதான் செய்கிறது. பிசினில் செம்புப் பொடியைப் பூட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் கசிய விடுகிறது. அதனால்தான் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கிறது. தீர்ந்து போவதுதான் அதன் வேலையே.

சரி, கரைந்தது எங்கே போகிறது?

1960-களிலிருந்து செம்பை விட வீரியமாய் ஒன்று மார்க்கெட்டுக்கு வந்தது. பேர் டி.பி.டி. ட்ரைபியூட்டைல் டின், வெள்ளீயம் சேர்ந்த சரக்கு. கப்பல்காரர்களுக்குக் கொண்டாட்டம், வருஷக்கணக்கில் அடி பளபள. 1970-களின் கடைசியில் ஃப்ரான்ஸ் நாட்டின் அர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிப் பண்ணைகள் படுத்தன. குஞ்சுகள் நிற்கவில்லை, ஓடுகள் கோணல்மாணலாய்த் தடித்தன. இங்கிலாந்துக் கரையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முட்டை போட முடியாமல் சில கரைகளில் இனமே காணாமல் போனது. இதற்கெல்லாம் தேவைப்பட்ட அளவு? ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு! 1982-ல் ஃப்ரான்ஸ் சின்னப் படகுகளுக்குத் தடை போட்டது. உலகம் முழுமைக்குமான ஒப்பந்தம் 2001-ல் கையெழுத்தாகி, 2008 செப்டம்பர் 17-ல்தான் அமலுக்கு வந்தது. நத்தைக்கு நியாயம் கிடைக்க இத்தனை வருஷம். பாசியைக் கொல்ல பெயின்ட்டில் சேர்த்துக்கொண்டிருந்த சைபுட்ரைன் என்ற இன்னொரு மருந்துக்கும் 2023 ஜனவரியிலிருந்து தடை.

'அப்போ ஒண்ணுமே அடிக்காம விட்டுடலாமே' என்றாள் ஜுவாலஜி. அங்கேதான் சிக்கல். சென்னைக்கு வடக்கே எண்ணூர், கொசஸ்தலை ஆறு. அங்கே மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று ஒன்றைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். கறுப்பாய், விரல் நீளத்தில் ஒரு சிப்பி. சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா! ஆற்றுப் படுகையில் கம்பளம் மாதிரிப் படர்ந்து, இறால் புதையும் சேற்றையும் மஞ்சள் மட்டி இருந்த இடத்தையும் மூடிவிட்டது. கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு இப்போது துழாவ சேறே இல்லை. விசா இல்லாமல் அது எப்படி வந்தது? கப்பலின் பாரத்துக்கு ஏற்றுகிற தண்ணீரிலோ, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதாவது, அடியில் விஷம் அடித்தால் இந்த ஊர் நத்தை சாகும். அடிக்காவிட்டால் அந்த ஊர் சிப்பி வந்து இந்த ஊர் ஆறு சாகும். எப்படி இருக்கு கதை?

கொல்லாமல் விரட்ட வழி இல்லையா? இருக்கு. சிலிகான் பூச்சு. நான்-ஸ்டிக் தவா மாதிரி. ஒட்டும், ஆனால் பிடிமானம் இருக்காது, கப்பல் வேகமெடுத்தால் வழுக்கி விழும். கன்டெய்னர் கப்பலுக்கு ஓகே. பழையாறில் படகோடு படகு உரசிக்கொண்டு நிற்கிறது, ஒரு கீறல் விழுந்தால் தவா காலி. விலையும் ஜாஸ்தி. மீன்பிடிப் படகுக்கு ஏற்ற மாதிரி, கம்மி விலையில், கொல்லாத பூச்சு... இன்னும் காலியாகவே இருக்கிற சீட் அது.

அந்த சீட்டுக்கு அப்ளிகேஷன் போட நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். புதுக்கோட்டை ரோட்டில் பல்கலைப்பேரூர் தாண்டும்போது பஸ்ஸில் தூங்காமல் பாருங்கள். கடலே இல்லாத திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கடல்வாழ் நீலப்பசும் பாசிக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. படகின் அடியில் முதலில் வந்து பாய் விரிக்கிற கூட்டத்தில் இந்த நீலப்பசும் பாசிகளும் உண்டு. அதே ரோட்டில் இன்னும் தெற்கே போனால் காரைக்குடி. 1948-ல் அடிக்கல் நாட்டிய 'செக்ரி', மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர ஆய்வுக் கூடம் வைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் பூச்சைச் சோதிக்கிற முறை ரொம்ப சிம்பிள். சின்னச் சின்னத் தகட்டில் அடித்துக் கடலில் தொங்கவிட்டு, மாசா மாசம் எடுத்து எண்ண வேண்டும். இன்னொரு பக்கம் கல்பாக்கம். அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் வருகிற 468 மீட்டர் சுரங்கத்தில் பச்சை ஆழி குடியேறி உட்கார, அதைச் சமாளிக்க குளோரினும் ஆராய்ச்சியும். படகுக்கு மட்டுமான தலைவலி இல்லை இது.

கிளம்புகிற நேரம். மெக்கானிக்கல் அந்தச் சிவப்புத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுரண்டிய ஆட்கள் யார் முகத்திலும் மாஸ்க் இல்லை, கையில் உறை இல்லை. தூள் மணலில் கிடந்தது. ஒரு பெரிய அலையோ மழையோ வந்தால் நேரே தண்ணீருக்குள்.

"அண்ணே, சுரண்டும்போது கீழே ஒரு தார்ப்பாய் விரிச்சா எல்லாத்தையும் அள்ளிடலாமே?"

"விரிக்கலாம் தம்பி. நல்ல யோசனைதான். அள்ளி... எங்க கொண்டுபோய்ப் போடறது?"

அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அடுத்த தடவை வரும்போது பத்து மாஸ்க்காவது வாங்கி வருகிறோம் என்றான். அதோடு விட்டது.

ஆனால் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் இறங்கி, முகத்துவாரத்தில் உப்பு செத்து நிற்கும்போது கொட்டலசும் சாகும். "உங்க ஊர் தண்ணிதான் தம்பி அதுக்கு எமன்." இது உண்மைதான். கடல் உயிர்களில் பெரும்பாலானவை நல்ல தண்ணீரைத் தாங்காது. அந்தக் காலத்தில் மரக்கப்பல்களை ஆற்று முகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியே துளைப்புழுவைக் கொன்றிருக்கிறார்கள். செம்பு வேண்டாம், டின் வேண்டாம்.

ஜுவாலஜி சும்மா இருப்பாளா? படகுத்துறைக் கயிற்றிலிருந்து உயிரோடு நாலு கொட்டலசை ஒரு பாட்டிலில் போட்டுக் கடல் தண்ணீரோடு கொண்டுவந்தாள். ரயிலில் வரும் வழியெல்லாம் அவை கதவைத் திறந்து காலை ஆட்டிக்கொண்டே வந்தன. மறுநாள் காலை அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு பாட்டில் காவிரித் தண்ணீர் மொண்டு, இரண்டை அதில் மாற்றினாள்.

ராத்திரி போன் வந்தது. "சார், உப்புத் தண்ணியில இருக்கறது ரெண்டும் சாப்பிடுது. காவிரியில போட்டது ரெண்டும் உடனே கதவைச் சாத்திக்கிச்சு. இன்னும் திறக்கலை."

மூணாம் நாள் கேட்டேன். திறக்கவே இல்லையாம்.